ஒரே சாயலில் அந்துப்பூச்சிகள்: படத்தை மட்டும் நம்பி மருந்து வேண்டாம்

பெரியபாளையம் பகுதியில் விளக்குப்பொறி வைத்திருக்கும் விவசாயிகளே, அதில் விழும் பழுப்பு அந்துப்பூச்சிகள் எல்லாம் ஒன்றல்ல.

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில், மக்காச்சோளத்தைத் தாக்கும் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு தமிழகத்துக்கும் வந்தது. நிலக்கடலையைத் தின்னும் புரோடீனியா இதற்கு நெருங்கிய உறவு. அந்துப்பூச்சியாக இருக்கும்போது இரண்டும் எளிதில் குழப்பும். புழுவைப் பார்த்தால் தெளியும்: படைப்புழுவின் தலையில் தலைகீழான 'ஒய்' குறி, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள்.

2012 முதல் ஆண்டுதோறும் ஜூலை கடைசியில் அந்துப்பூச்சி வாரம் நடக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பொதுமக்கள் படம் ஏற்றுகிறார்கள். தெரிந்தவர்கள் பெயர் சொல்கிறார்கள். எந்தப் பூச்சி எங்கே, எப்போது வந்தது என்பதற்கு இது நல்ல பதிவு. ஆனால் சில இனங்களை உடலை அறுத்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். ஆகவே செயலி சொன்ன பெயரை வைத்து மருந்து வாங்காதீர்கள்.

இறக்கை, புழுவின் தலை, வால், பயிரில் உள்ள சேதம் எனத் தனித்தனியாகப் படமெடுங்கள். புழுவையும் புட்டியில் பிடித்து, வட்டார வேளாண் அலுவலகத்திலோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். பூச்சி எதுவென்று உறுதியான பிறகே தெளிப்பான் தோளேறட்டும்.