காரை வாங்கினால் மட்டும் போதுமா?



2018-ஆம் ஆண்டில் பிரிட்டனில் விந்தையான செய்தி ஒன்று வெளியாயிற்று. அங்கே பல நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குப் புதுவகைக் கார்களை வழங்கியிருந்தன. பெட்ரோலிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும் கார்கள் அவை. மின்னேற்றுவதற்கான வடம் காருடனேயே வந்தது. ஆனால் சில கார்களில் அந்த வடம், மேலுறைகூடப் பிரிக்கப்படாமல், டிக்கியில் அப்படியே கிடந்ததாம்! காரை ஓட்டியவர்கள் பெட்ரோல் நிலையத்திற்கே போய் வந்துகொண்டிருந்தார்கள்.

இதைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இது சிரித்துவிட்டு மறக்கவேண்டிய செய்தி அன்று. அவ்வகைக் கார்களை வாங்குவோருக்கு அந்நாட்டு அரசு அதுவரை மானியம் கொடுத்து வந்தது. மக்களின் வரிப்பணம் அது. புகை குறையும் என்ற நம்பிக்கையில் கொடுத்த பணம். நம்பிக்கை ஏன் பலிக்கவில்லை? அதை அறிய, முதலில் காரின் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம்.

இக்கார்களுக்குப் பிளக்-இன் ஹைப்ரிட் என்று பெயர். ஹைப்ரிட் என்றால் கலப்பு. பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் ஒரே வண்டியில் சேர்ந்து வேலை செய்கின்றன. செல்பேசிக்குச் செய்வதுபோல, பிளக்கில் செருகி மின்னேற்றலாம் என்பதால் பிளக்-இன் என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது.

எடுத்துக்காட்டாக, செவர்லே வோல்ட் என்ற காரைப் பார்ப்போம். 2010 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, 2019-இல் தயாரிப்பு நின்றுபோன கார் இது. இதன் முதல் மாதிரியில் 288 லித்தியம் அயனி மின்கலங்கள் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் அடுக்கப்பட்டிருந்தன. இந்த அடுக்கின் எடை ஏறக்குறைய 200 கிலோ. அதன் கொள்ளளவு, வீட்டு மின்கட்டணத்தில் நாம் கணக்கிடும் அதே யூனிட்டில் சொன்னால், 16 யூனிட். 240 வோல்ட் இணைப்பில் சுமார் 4 மணி நேரத்தில் மின்னேற்றம் முடிந்துவிடும். அதைக் கொண்டு பெட்ரோல் இல்லாமலே ஏறத்தாழ 56 கிலோமீட்டர் செல்லலாம். அதற்குமேல் போகவேண்டுமானால் 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தானே இயங்கத் தொடங்கும்.

கணக்கைக் கவனியுங்கள். ஒருவர் நாள்தோறும் 40 கிலோமீட்டர் போய் வருகிறார். இரவில் தவறாமல் பிளக்கைச் செருகுகிறார். அவருக்குப் பெட்ரோல் செலவு அநேகமாக இல்லை. அவருடைய அண்டைவீட்டாரும் அதே காரை வைத்திருக்கிறார்; அதே தூரம் போகிறார்; ஆனால் பிளக்கைத் தொடுவதே இல்லை. அவருக்கு அது வெறும் பெட்ரோல் கார். அதுவும் 200 கிலோ சுமையை வீணாகத் தூக்கிச் செல்லும் பெட்ரோல் கார்! இயந்திரம் ஒன்றுதான். வேறுபாடு உரிமையாளரின் அறிவிலும் பழக்கத்திலும் இருக்கிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2021-இல் பதிவான கார்களில் பொருத்தப்பட்டிருந்த எரிபொருள் அளவிகளின் பதிவுகளை ஐரோப்பிய ஆணையம் திரட்டி, 2024-இல் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் சாலையில் வெளியிட்ட கரியமில வாயு, ஆய்வுக்கூடச் சோதனையில் கூறப்பட்ட அளவைப்போல் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது! எதிர்பார்த்த அளவுக்கு உரிமையாளர்கள் மின்னேற்றவில்லை, மின்சாரத்தில் ஓட்டவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

"தொலைக்காட்சி பார்ப்பவனுக்கு அதன் மின்சுற்று தெரியவேண்டுமா? காரை ஓட்டுபவனுக்கு மட்டும் எஞ்சின் எதற்குத் தெரியவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொத்தானை அழுத்தினால் தொலைக்காட்சி அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஒரே படத்தைத்தான் காட்டும். பிளக்-இன் ஹைப்ரிட் அப்படியன்று. இன்று எந்த ஆற்றலில் ஓடவேண்டும் என்பதை ஒவ்வொரு நாளும் உரிமையாளர்தான் முடிவு செய்கிறார். முடிவு செய்பவருக்கு விவரம் தெரியவேண்டாமா?

அறியாமையால் வீண் அச்சமும் வரும். மாதக்கணக்கில் மின்சாரத்திலேயே ஓட்டிவந்த வோல்ட் காரில், மின்கல அடுக்கு நிறைந்திருக்கும்போதே ஒருநாள் எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கும். அறியாதவர் கோளாறு என்று பதறுவார். உண்மை என்ன? பெட்ரோல் நெடுநாள் தேங்கினால் கெட்டுப்போகும். அதில் பிசின் போன்ற பொருள் உண்டாகும். ஆகவே தொட்டியிலுள்ள பெட்ரோலுக்குச் சுமார் ஓராண்டு வயதாகிவிட்டால், கார் தானே அதை எரித்துத் தீர்க்கும். அசையாமல் கிடந்தால் எஞ்சினும் கெடும் என்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சற்று நேரம் ஓட்டிப் பார்க்கவும் செய்யும். இதை அறிந்தவர் பதறமாட்டார். தொட்டி நிறையப் பெட்ரோல் போட்டு வைக்கவும் மாட்டார்.

வேகத்தைக் குறைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தோடு சாய்த்தால் விளக்கு எரிகிறது. கூடவே மிதிப்பதும் கடினமாகிறது அல்லவா? இக்காரில் வேகம் குறைக்கும்போது மின் மோட்டார் அந்த டைனமோவைப் போலவே மாறி, ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக்கி மின்கலங்களுக்கு அனுப்புகிறது. முன்கூட்டியே கவனித்து மெல்ல வேகம் குறைப்பவருக்கு மின்சாரம் திரும்பக் கிடைக்கும். கடைசி நொடியில் பிரேக்கை ஓங்கி மிதித்தால், அந்த ஆற்றலில் பெரும்பங்கு பிரேக்கின் உராய்வில் வெப்பமாகிப் போய்விடும்.

அறிவு வீண் சண்டையையும் தவிர்க்கும். வோல்ட் காரின் எஞ்சின் மின்னாக்கியை மட்டுமே சுழற்றும், சக்கரங்களை ஒருபோதும் நேரே சுழற்றாது என்று பலர் எண்ணியிருந்தார்கள். மின்கலம் தீர்ந்தபின் மிகுந்த வேகத்தில் செல்லும்போது, பற்சக்கரங்களின் வழியே எஞ்சினும் சக்கரங்களுக்கு விசை தருகிறது என்பது 2010 அக்டோபரில் தெரியவந்தது. உடனே, "ஏமாற்றிவிட்டார்கள்!" என்று கூக்குரல் எழுந்தது. முன்பே தெளிவாகச் சொல்லாதது தவறாக இருக்கலாம். ஆனால் அமைப்பு தவறானதன்று. எஞ்சினின் சுழற்சியை மின்சாரமாக்கி, அதை மீண்டும் சுழற்சியாக்கினால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் ஆற்றல் இழப்பாகும். நேரே கொடுத்தால் இழப்புக் குறைவு. ஆற்றல் மாற்றம் பற்றி உங்கள் இயற்பியல் பாடத்தில் படிப்பதுதான் இது.

பழி முழுவதையும் உரிமையாளர் தலையில் சுமத்துவதும் சரியன்று. அடுக்குமாடியில் வாழ்பவருக்குக் காரின் அருகே பிளக் இல்லாமல் இருக்கலாம். நிறுவனம் பெட்ரோலுக்குப் பணம் கொடுத்து, வீட்டில் ஏற்றும் மின்சாரத்திற்குக் கொடுக்காவிட்டால், ஊழியர் எதை நாடுவார்? இவற்றைச் சீர்செய்வது அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரிய கடமை. நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்திற்கும் புகை உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. ஆயினும், எல்லா வசதியும் இருந்தும் அறியாமையால் வடத்தை உறையிலேயே வைத்திருப்பவருக்கு என்ன சமாதானம் சொல்வது? காரை விற்பவர் சாவியைக் கொடுக்கும்போதே ஒரு மணி நேரம் ஒதுக்கி அதன் அமைப்பை விளக்கவேண்டும். வாங்குபவரும் அதைக் கேட்டுப் பெறவேண்டும். இதுவே என் கருத்து.

ஓர் எச்சரிக்கை. அறிவது வேறு, பிரித்துப் பார்ப்பது வேறு. இக்கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட மின்வடங்கள் இருக்கும். அவற்றில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து. பயிற்சி பெற்றவர்களே அவற்றைத் தொடவேண்டும். நமக்குக் கையேடும் படமும் போதும்.

"எங்கள் வீட்டில் காரே இல்லையே!" என்கிறீர்களா? கார் வேண்டாம். மிக்சியோ, மின்விசிறியோ, தண்ணீர் பம்போ இருக்கிறதல்லவா? அதன் கையேட்டைத் தேடி எடுங்கள். மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். ஆற்றல் எங்கிருந்து வருகிறது? உள்ளே அது என்னவாக மாறுகிறது? எந்த இடத்தில் வீணாகிறது? விடைகளை ஒரு தாளில் எழுதி, அந்தப் பொருளை நாள்தோறும் பயன்படுத்தும் அம்மாவிடமோ அப்பாவிடமோ படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியாமல் போகலாம். பரவாயில்லை, மறுநாள் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் அதைக் கேளுங்கள்.