ரெண்டு ஏஸ் வந்தா பதுங்காதீங்க!

மேனாம்பேடு மொட்டை மாடி. ஃப்ரெண்ட்ஸோட நோ-லிமிட் போக்கர் டோர்னமென்ட். ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல பொதுவா அஞ்சு சீட்டு. உங்க கையில ரெண்டு ஏஸ்! 'சத்தமில்லாம இருந்து எல்லாரையும் உள்ளே இழுப்போம்'னு பதுங்குறீங்களா பாஸ்? அங்கதான் சறுக்கல்.

எதிர்ல ஒரே ஆள்னா, சராசரியா உங்க வெற்றி வாய்ப்பு 85 சதவிகிதம். எட்டு பேரையும் கடைசி வரை விட்டா, சுமார் 35. சீட்டு மாறலை, கூட்டம்தான் மாறுச்சு. அதனால நடுச்சீட்டு விழறதுக்கு முன்னாடியே பந்தயத்தை ஏத்துங்க, கூட்டம் கலையும்.

ஆனா, இன்னொரு கணக்கும் இருக்கு. நோ-லிமிட்ல மொத்த சிப்ஸையும் ஒரே கையில வைக்கலாம். தோத்தா அவுட். ஒவ்வொரு முறையும் 80 சதவிகித வாய்ப்போட வெச்சாலும், தொடர்ந்து அஞ்சு முறை ஜெயிக்க 33 சதவிகிதம்தான் வாய்ப்பு! சரியா ஆடியும் தோக்கலாம். இது புரியாதவங்கதான், விட்டதைப் பிடிக்க செமஸ்டர் ஃபீஸ்ல கை வைக்கிறாங்க.

காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல மத்திய அரசு சட்டம் போட்டு தடை விதிச்சாச்சு. மொட்டை மாடிக்குப் புளியங்கொட்டையே போதும். தோத்தா, 'குழம்புக்கு வெச்சிருந்த புளி எங்கடா?'னு அம்மாகிட்ட திட்டு மட்டும்தான்!