கடை திறக்கும் முன்னே

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் இன்று சொந்தத் தொழிலில் இறங்கியிருக்கின்றனர். முறுக்கு, பலகாரம் செய்யும் வீட்டுத் தொழில், வாகனப் பட்டறை, செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் குத்தகை என அவை பலவகை. தொழிலைப் பதிவு செய்கின்றனர். நகராண்மைக் கழகத்தில் உரிமம் பெறுகின்றனர். பெயர்ப்பலகை மாட்டி, நல்ல நாள் பார்த்துக் கடையைத் திறக்கின்றனர். வேலைக்கு வருபவரின் உடம்புக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி மட்டும் கடைசி வரிசையில் நிற்கிறது. “தொழில் முதலில் காலூன்றட்டும், பிறகு பார்க்கலாம்” என்பதே பலரின் பதில். இதை நான் ஏற்பதற்கில்லை.

இயந்திரமும் புதிது, ஆளும் புதிது, தீபாவளிக்குள் முடிக்க வேண்டிய வேலையோ மலையளவு. விபத்துக்கு இதைவிட வசதியான காலம் ஏது? அதுவும் சுவர் எழுப்பி, அடுப்பும் மின்கம்பியும் பொருத்திய பிறகு, “வாசலை அடைத்துக்கொண்டு இருக்கிறதே” என்று வருந்தினால் இடித்துத்தான் கட்ட வேண்டும்.

நம் நாடே இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். அதன்பின் வந்ததே 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அதன் திருத்தம் 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்துள்ளது. வீட்டுப் பணியாளர், ஆயுதப்படை போன்ற சில விலக்குகள் தவிர, எல்லாப் பணியிடங்களும் இப்போது அதன் கீழ் அடங்கும். இடர்மதிப்பீடு செய்வது முதலாளியின் கடமை. ஐவரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி இல்லையெனில், ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். அடிப்படைக் கடமையில் தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது.

இடர்மதிப்பீடு என்றவுடன் பெரிய கோப்பு கண்முன் வரும். அஞ்ச வேண்டியதில்லை. முறுக்குச் சுடும் ஒரு சமையற்கட்டை எடுத்துக்கொள்வோம். கொதிக்கும் எண்ணெய், எரிவாயுத் தோம்பு, மாவரைக்கும் இயந்திரம், வழுக்கும் தரை. ஒவ்வொன்றும் யாரை, எப்படித் தாக்கும் என்று கேட்டு எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதியில்தான் பலர் தடுமாறுகின்றனர். உடனே கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகின்றனர். கையுறை கடைசி அரண். தோம்பைக் காற்றோட்டமான வெளிப்புறத்தில் வைப்பது, இயந்திரப் பட்டைக்கு மூடி போடுவது, எண்ணெய் தீப்பற்றினால் மூட அடுப்பருகிலேயே கனத்த மூடி வைப்பது ஆகியவை முதல் அரண்கள். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதைப் புதிதாக வந்தவர் முதல் நாளே அறிந்திருக்க வேண்டும்.

கையுறையும் முகக்கவசமும் மட்டும் காப்பாற்றா என்பதற்குத் தோட்டங்களே சாட்சி. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை முதுகுத் தோம்பில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகம் சிதைந்தது, தோல் வெந்தது, மூக்கில் இரத்தம் கசிந்தது. கவச உடை அணியவில்லை என்று அவர்களையே குறை சொன்னவர்கள் உண்டு. உச்சி வெயிலில் ரப்பர் உடையும் முகமூடியும் அணிந்து மேடு பள்ளம் ஏறிப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். சுங்கைப் பட்டாணியில் பிறந்த ஐரின் பெர்னாண்டஸ் தோற்றுவித்த தெனகனித்தா அமைப்பு 2002-இல் இத்தொழிலாளர்களின் நிலையை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அவ்வாண்டு முடிவான தடை 2006-இல் தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரியில்தான் முழுமையடைந்தது. நஞ்சை அகற்றுவதே தீர்வு என்பதை ஏற்க நமக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

“சிறு முதலாளியிடம் பணம் ஏது?” என்பர். நியாயமான கேள்விதான். ஆனால், தெக்குன் கடனுக்கு மனுச் செய்யும்போது அடுப்புக்கும் வண்டிக்கும் கணக்குப் போடுகிறோம். தீயணைப்பானும் முதலுதவிப் பெட்டியும் அதே பட்டியலில் ஏறட்டுமே! சட்டப்படி வழங்க வேண்டிய பாதுகாப்புப் பொருள்களின் செலவைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கவும் இடமில்லை. சொக்சோ சந்தாவையும் தள்ளிப்போடக்கூடாது. ஆளே வைக்காமல் தனியாக உழைப்பவருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வழி காட்டுகிறது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. ஒருங்கிணைப்பாளர் என்று முதலாளியின் மைத்துனர் பெயரை எழுதிவிட்டு, மலாய்மொழி அறிவிப்பு ஒன்றைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். வேலை செய்பவரோ நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவராக இருப்பார். அடுப்பைப் பற்ற வைப்பவரையும் இயந்திரத்தைக் கழுவுபவரையும் ஒருமுறை உட்கார வைத்து, “எங்கே பயமாக இருக்கிறது?” என்று அவருக்குப் புரியும் மொழியில் கேட்கலாம். உடனடி ஆபத்து தெரிந்தால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமை இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. அப்படி விலகியவரை மறுநாள் முதலாளி எந்த முகத்தோடு வரவேற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.