கேள்வி கேட்கும் முன்



அனுமந்தை, மரக்காணம் பகுதி உப்பளங்களில் உழைப்போருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கடினமான மாதங்கள். மழை இறங்கினால் உப்பு கரையும். வேலை நின்றால் அடுப்பும் அணையும். இதனைக் கருதியே, உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கியது. மனுக் கொடுத்தும் தொகை வந்து சேராத குடும்பம், யாரிடம் எவ்வாறு கேட்பது? இத்திங்கள் அதனைச் சிந்திப்போம்.

கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தகவல் பெறும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழகமே, அது 1997-இல். நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் உரிமை இருப்பது வேறு. பயன் விளையும்படி கேட்பது வேறு. முதிராத நீரைப் பாத்தியில் பாய்ச்சினால் உப்பு விளையுமோ? கேள்வியும் அவ்வாறே. ஆதலின் எழுதுகோலை எடுக்குமுன் சிலவற்றை மனத்திற் கொள்வோம்.

முதலாவது, விடை ஏற்கெனவே வெளியில் உள்ளதா எனப் பார்ப்போம். திட்டங்கள், பொறுப்பாளர்கள், செலவுகள் பற்றிய விவரங்களை அலுவலகங்கள் தாமே வெளியிட வேண்டும் என்பது சட்டத்தின் 4-ஆம் பிரிவு. ஊராட்சியின் வரவுசெலவைக் கிராமசபையில் நேரில் கேட்கலாம். அறிவிப்புப் பலகையில் கிடைக்கும் விடைக்காக ஒரு மாதம் காத்திருப்பானேன்?

இரண்டாவது, ஏட்டில் உள்ளதைக் கேட்போம். “எங்களை ஏன் புறக்கணித்தீர்கள்?” என்பது குமுறல், நியாயமான குமுறலாகவும் இருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் பதிவாயுள்ளதைத்தான் தகவலாகப் பெறலாம். கருத்துரையோ அறிவுரையோ தரும் கடமை அலுவலர்க்கு இல்லை என உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியது. ஆகவே இவ்வாறு எழுதுக: “இன்ன நாளில் நான் அளித்த மனுவின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? அம்மனு தொடர்பான கோப்பின் நகல் தருக. தகுதியை வரையறுக்கும் அரசாணையின் நகல் தருக.” இக்கேள்விகளை நழுவ விடுதல் எளிதன்று. அண்டை வீட்டாரின் சொந்த விவரங்களைக் கேட்டால் மறுப்பே வரலாம். நமக்குரியதைக் கேட்பதே நலம்.

மூன்றாவது, ஒரு தாளில் ஒரே பொருள் பற்றிக் கேட்போம். ஆண்டு, நாள், மனு எண் ஆகியன தெளிவாக இருக்கட்டும். சாலை, குடிநீர், நிவாரணம் அனைத்தையும் ஒன்றாய்க் கலந்தால் எதற்கும் நேரான விடை வராது.

எந்த அலுவலகம் என்ற ஐயமோ? தவறான இடத்திற்கு எழுதினாலும், உரிய இடத்திற்கு 5 நாள்களுக்குள் அதனை அனுப்பிவைக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், காரணம் கூறத் தேவையில்லை. கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் சான்று காட்டினால் அதுவும் இல்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதனை எழுத்தில் வடிக்க அலுவலரே உதவ வேண்டும். விடைக்கு 30 நாள் கெடு. வாராவிடில், அல்லது வந்த விடை நிறைவளிக்காவிடில், அடுத்த 30 நாள்களுக்குள் அவ்வலுவலகத்தின் மேலதிகாரிக்கு மேல்முறையீடு செய்க. மனுவின் படியையும் அஞ்சல் சீட்டையும் பத்திரப்படுத்துக.

தெளிவற்ற ஒரு கேள்வி சட்டப்படியே மறுக்கப்படும்போது, ஏழைக் குடும்பம் இழப்பது தொகையை மட்டுமன்று; “கேட்டும் பயனில்லை” என்று இனிக் கேட்கும் துணிவையே இழந்துவிடுகிறது. இவ்விழப்பைத் தடுக்கப் பெருஞ்செல்வம் வேண்டா. நம் இல்லங்களில் படித்த பிள்ளைகள் உளர். உப்பளத்தில் கால் வெடித்த பெரியவர் ஒருவரின் அருகே ஒரு மாலைப் பொழுது அமர்ந்து, அவர் சொல்வதை முழுதும் கேட்டு, மூன்றே வரிகளில் எழுதிக் கொடுக்கட்டும். மழைக்கு முன் செய்ய வேண்டிய பணி இது.