நோயுற்ற குழந்தையும் அண்டை வீட்டார் கடமையும்



தோட்டத்தில் ஒரு துக்கம் நேர்ந்தால், யாரும் அழையாமலே நாம் கூடிவிடுகிறோம். பந்தல் போட ஒருவர், செய்தி சொல்ல ஒருவர், அடுப்பு மூட்ட ஒருவர் என்று வேலைகள் தாமே பங்கிடப்படுகின்றன. திருமணத்திற்கும் கோயில் திருவிழாவிற்கும் அவ்வாறே. ஆனால், ஒரு வீட்டில் குழந்தை கடும் நோயுற்று நெடுங்காலம் சிகிச்சை பெறும்போது, முதல் வாரத்தில் கூடிய கூட்டம் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிடுகிறது. அக்குடும்பத்திற்கு நம் துணை மிகுதியாக வேண்டப்படுவதோ அதற்குப் பிறகுதான்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அது வந்தால் பிழைப்பில்லை என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். ஏழை நாடுகளிலோ 30 பேர்கூடத் தேறுவது அரிது. உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டினராவது 2030ஆம் ஆண்டுக்குள் பிழைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் குறிக்கோள் வகுத்தது. இத்துணை வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவது. இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளக்கூடும். பயணச் செலவு, இழந்த சம்பளம், வீட்டில் தனியே விட்டு வந்த மற்றப் பிள்ளைகள் ஆகிய சுமைகள் பெற்றோரை ஒடித்துவிடுகின்றன.

இச்சுமையைக் குறைக்க வழி கண்டவர்கள் உளர். மும்பை நகருக்குச் சிகிச்சைக்கு வந்த ஏழைக் குடும்பங்கள் தங்க இடமின்றி நடைபாதையில் படுத்துறங்கின. அந்நிலை கண்டு, 2006ஆம் ஆண்டில் செயிண்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பெற்றது. குடும்பத்தோடு தங்கவும், தாமே சமைத்து உண்ணவும் அங்கே கட்டணமின்றி இடம் கிடைக்கிறது. பின்னர் சென்னை, வேலூர் உள்ளிட்ட பல ஊர்களிலும் அதன் இல்லங்கள் எழுந்தன.

இங்கிலாந்தில் 1978ஆம் ஆண்டில் ஹெலன் என்னும் சிறுமி மூளைக்கட்டியால் முற்றும் செயலிழந்தாள். பிரான்சிஸ் டொமினிக்கா என்னும் துறவுப் பெண்மணி அப்பெற்றோருக்குச் செய்த உதவி யாதெனில், குழந்தையை அவ்வப்போது சில நாள் தம்மிடம் வைத்துப் பேணி, அவர்களை ஓய்வு கொள்ளச் செய்ததேயாகும். அவ்வெளிய உதவியிலிருந்தே 1982இல் ஆக்ஸ்போர்டு நகரில், கடும் நோயுற்ற குழந்தைகளுக்கான உலகின் முதல் நோய்த்தணிப்பு இல்லம் தோன்றியது.

கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் தொடங்கிய நோய்த்தணிப்புச் சங்கம், நாளடைவில் ஊர் மக்களின் இயக்கமாகவே வளர்ந்தது. அண்டை வீட்டார் பயிற்சி பெற்று, முறை வைத்து நோயாளர் இல்லங்களுக்குச் செல்கின்றனர். நம் நாட்டில் 1991இல் தோன்றிய ஹோஸ்பிஸ் மலேசியாவும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிச் சென்று கட்டணமின்றிப் பணியாற்றி வருகிறது.

லூபோக் சீனா வட்டாரத்தில் நாம் இல்லம் கட்ட வேண்டுவதில்லை. பத்துக் குடும்பங்களும் ஒரு குறிப்பேடும் போதும். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டு வருவது உதவியாகாது. மானமுள்ள பெற்றோர் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும், அக்கா" என்று சொல்வதே உதவி. மலாக்காவிற்கோ கோலாலம்பூருக்கோ செல்லும் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஒருவர், தாய் அரை நாள் கண்ணயர ஒருவர், வாகனத்திற்கு ஒருவர் என்று எழுதி வைத்தல் வேண்டும். வாகனம் மிக முக்கியம். இச்சிகிச்சையில் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் உயிருக்கே கேடு.

இரத்த தானமும் நம்மால் இயலும். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாள்களே சேமித்து வைக்க முடியும். ஆதலின், உடல்நலமுள்ள பெரியவர்கள் ஆண்டு முழுவதும் மாறி மாறிக் கொடுத்தால்தான் பயனுண்டு.

செய்யத் தகாதனவும் உள. நலம் விசாரிக்கக் கூட்டமாகச் செல்லலாகாது. மருந்தின் வீரியத்தால் அக்குழந்தையின் நோயெதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். நமக்குச் சாதாரணமான சளி அதற்குப் பேராபத்தாகலாம். இருமலோ காய்ச்சலோ உள்ளவர் வாயிற்படியிலேயே நின்றுவிடுக. "முன்வினைப் பயன்", "தாய் கவனிக்கவில்லை" என்று பழி பேசுவதும், மருத்துவரைக் கேளாமல் நாட்டு மருந்து கொடுக்கத் தூண்டுவதும் அறவே கூடா.

மாணவச் செல்வங்களே! புற்றுநோய் ஒட்டுவாரொட்டியன்று. தலைமுடி உதிர்ந்த நண்பன் வகுப்பிற்குத் திரும்பினால், அருகில் அமர்ந்து பேசுங்கள். அவன் வராத நாள்களின் பாடங்களை எழுதிக் கொடுங்கள். 2011ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மருத்துவமனைக்குள்ளேயே பள்ளி நடத்தும் திட்டமும் இருக்கிறது. நோய் வந்தாலும் கல்வி நின்றுவிடலாகாது என்பதே அதன் கருத்து.

"நம் பிழைப்பே பெரும்பாடு, இதற்கு ஏது நேரம்?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால், ஒரு குடும்பத்திற்குப் பத்து நாளுக்கு ஒரு முறைதான் பொறுப்பு வரும். அதுவே ஒரு தாய், தந்தையின் தலையில் மட்டும் விழுந்தால், நாள்தோறும் வரும். எல்லாக் குழந்தைகளும் பிழைத்துவிடுவர் என்றும் கூற இயலாது. பிழையாத குழந்தையின் வீட்டிற்கும் இத்துணை வேண்டும். அக்குழந்தை மறைந்த பின்னரும் சில காலம் வேண்டும்.

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னதாகவே ஒப்புரவறிதல் என்று தனியே மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை. கூடி வாழும் மக்கள் ஒருவர்க்கொருவர் கடமையாகச் செய்துகொள்வது ஒப்புரவு. நோயுற்ற குழந்தையின் பெற்றோர் நம்மிடம் எதிர்பார்ப்பது ஒப்புரவையே. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அக்குறிப்பேட்டின் முதற் பக்கத்தை எழுதத் தொடங்குவோமாக.