அழித்ததும் அழியாததும்

சென்ற மாதம் கம்பம்மெட்டில் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் கலங்கிய முகத்துடன் வந்தார். ஏலத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். கைபேசியின் கண்ணாடி உடைந்ததால் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார். கடைப் பையன் பூட்டு எண்ணைக் கேட்க, அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கைபேசியின் முதுகிலேயே ஒட்டிக் கொடுத்தாராம். பணம் அனுப்பும் இரகசிய எண்ணும் அதே எண்தான்! சிம் அட்டையும் உள்ளேயே இருந்தது. இரண்டு நாளில் கைபேசி திரும்பிற்று. ஆனால் இரண்டு வாரக் கூலி வங்கிக் கணக்கில் இல்லை.

“ஏன் அக்கா எண்ணைக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டோம்.

“கொடுக்காவிட்டால் வேலையை எடுத்துக்கொள்ள மாட்டானோ என்று பயந்தேன், தம்பி” என்றார்.

பணத்தை எடுத்தவர் யாரென்பது இன்னும் தெளிவாகவில்லை. ஆகவே எவர்மீதும் நாம் பழி கூறோம். ஆயினும் வாயிற்கதவு திறந்து கிடந்தது என்பதில் ஐயமில்லை.

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் குடும்பங்களுக்குக் கைபேசியே இரும்புப் பெட்டி. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ், பெண்மக்களின் படங்கள் யாவும் அதற்குள் அடக்கம். பூட்டைச் சீர்செய்யப் பெட்டியைக் கொடுக்கையில் நகையை உள்ளே வைத்தா கொடுக்கிறோம்?

இது வீண் அச்சமன்று. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒலி மட்டும் எழாதபடி செய்த மடிக்கணினிகளை 16 கடைகளில் பழுது பார்க்கக் கொடுத்துச் சோதித்தனர். ஆறு கடைகளில் உரிமையாளரின் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தனர்; அவற்றுள் இரண்டில் படியெடுத்தும் வைத்துக்கொண்டனர். அம்முடிவு 2022-இல் வெளியாயிற்று.

பழைய கருவியை விற்பதிலும் இதே அபாயம் உண்டு. “எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்” என்பார் பலர். நாம் இரயில்வே எழுத்தர். பார்சல் கிடங்கை அறிந்தவர். பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் கிடங்கிலுள்ள மூட்டை மறைந்துவிடுமா? கணினியிலும் சாதாரணமாய் அழிப்பது பேரேட்டு வரியை அடிப்பதே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் இருவர் 158 பழைய கணினி வட்டுகளை வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். இயங்கிய 129 வட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டவை பன்னிரண்டே!

புதிய கைபேசிகளில் ஒரு நன்மை உண்டு. தகவல்கள் மறைகுறியாக்கப்பட்டே இருக்கும். அமைப்புப் பகுதியில் உள்ள ‘ஃபேக்டரி ரீசெட்’ முறையால் கைபேசியைத் துடைத்தால், அம்மறைப்பின் திறவுகோலே அழிந்துவிடும். பின்னர் மூட்டை இருந்தும் பயனில்லை.

ஆகவே நேயர்கள் இவற்றை மனத்திற் கொள்க. பழுதுக்குக் கொடுக்குமுன் சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்க. பூட்டு எண் வேறு, பணம் அனுப்பும் எண் வேறாக இருக்கட்டும். கண்ணாடி மாற்றும் வேலைக்குப் பெரும்பாலும் பூட்டு எண் வேண்டியதில்லை. தொடுதிரையைச் சோதிக்க வேண்டுமெனில், நாமே எதிரில் இருந்து திறந்து காட்டலாம். சாம்சங், கூகுள் பிக்சல் கைபேசிகள் சிலவற்றில், சொந்தத் தகவலை மறைத்துப் பழுதுக்குக் கொடுக்கும் வசதியும் உண்டு. விற்குமுன் வேண்டியவற்றைப் படியெடுத்து, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, பின்பு ரீசெட் செய்க.

பழைய கைபேசிக்குப் பிளாஸ்டிக் குடம் தரும் தெரு வியாபாரியிடம், துடைக்கப்படாத கைபேசியைக் கொடுத்துவிட வேண்டா. அறவே இயங்காததைச் சுத்தியலால் உடைப்பதும் ஆகாது, மின்கலம் தீப்பற்றும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை.

பணம் போய்விட்டதெனில் நாணி இருந்துவிடாமல், உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். காலம் தாழ்ந்தால் பணம் கைமாறிப் போய்விடும். அம்மையாருக்காக அன்றே நாம் அழைத்து முறையிட்டோம், முடிவை எதிர்நோக்கியிருக்கிறோம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017 ஆகஸ்ட் 24-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை கோடீசுவரருக்கும் உண்டு. விடியலில் ஜீப்பேறி மலைக்குச் செல்லும் கூலித் தொழிலாளிக்கும் உண்டு. அதைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிடலாகாது. அம்மையார் இப்போது இரண்டு எண்களையும் மாற்றிவிட்டார். நேயர்கள் இழப்பதற்கு முன்பே மாற்றிக்கொள்வார்களாக.