தண்டவாளம் அகன்ற பாதை

ஒருவர் ஒரு நாட்டை விட்டு வெளியேறும் முன்பே மற்றொரு நாட்டுக்குள் நுழைந்துவிட முடியுமா? முடியாது என்றே வாசகர்கள் விடை பகர்வர். ஆயினும் 1998 ஆகஸ்டு முதல் 2011 ஜூன் வரை சிங்கப்பூரில் இது நாள்தோறும் நடந்து வந்தது. தீவின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் பகார் நிலையத்தில் இரயிலேறும் பயணிகளை மலேசியக் குடிநுழைவு அதிகாரிகள் அங்கேயே சோதித்து அனுப்பினர். பின்னர் வண்டி தீவு முழுவதையும் கடந்து வடகோடியிலுள்ள உட்லண்ட்ஸ் வந்து நின்றதும், சிங்கப்பூர் அதிகாரிகள் அவர்களுக்கு வெளியேறும் அனுமதியை வழங்கினர். மலேசியாவில் நுழைந்தாயிற்று, சிங்கப்பூரை விட்டு இன்னும் புறப்படவில்லை! இந்த வேடிக்கையின் வேர், ஒரு நிலப் பத்திரத்தில் இருந்தது.

சிங்கப்பூரின் முதல் இருப்புப்பாதை 1903-இல் திறக்கப்பட்டது. 1918-இல் அப்பாதையும் அதன் நிலமும் மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வேக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டன; நிலத்துக்குக் குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே ஆங்கிலேய ஆட்சியினர். வலப்பையிலிருந்து எடுத்து இடப்பையில் இட்ட கணக்கே அது. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடாகும் என்று அன்று யார் கண்டார்? அவ்வாறு ஆனபோது, தீவின் நடுவே அயல்நாட்டு இரயில்வேயின் நீண்ட நிலம் ஒன்று அப்படியே நின்றுவிட்டது.

அந்த இரயில்வேயைப் பற்றிப் பேசும்போது நம்மவரை மறப்பதற்கில்லை. மலாயா நாட்டில் தண்டவாளம் இட்டோரிலும் அதனைப் பராமரித்தோரிலும் பெரும்பகுதியினர் தென்னிந்தியத் தமிழர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றினர். சிங்கப்பூரில் குவீன்ஸ்வே அருகே குடியிருந்த இரயில்வேத் தொழிலாளர்கள் 1932-இல் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினர். பின்னர் இடம் மாறி, 1998 முதல் காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாக அது விளங்குகிறது. இருப்புப்பாதைத் தொழிலாளரின் பெயர்கள் எந்தப் பத்திரத்திலும் இல்லை; அவர்கள் கட்டிய கோயிலோ நிலைத்திருக்கிறது.

நிலத்தை மீட்கும் பேச்சு எளிதில் முடியவில்லை. 1990 நவம்பரில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஆனால் அதன் வாசகங்களுக்குப் பொருள் கொள்வதிலேயே இருபது ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் 2010-இல் இரு பிரதமர்களும், சிங்கப்பூரின் லீ சியன் லூங் அவர்களும் மலேசியாவின் நஜிப் ரசாக் அவர்களும், ஒரு முடிவுக்கு வந்தனர். இரயில்வே நிலத்தில் மலேசியாவுக்கு உரிய ஆறு மனைகளுக்கு ஈடாக, மரினா சவுத் பகுதியில் நான்கும் ஓஃபிர்-ரோச்சோர் பகுதியில் இரண்டுமாக ஆறு மனைகள் அளிக்கப்பட்டன. அவற்றில் கட்டடம் எழுப்ப அமைந்த கூட்டு நிறுவனத்தில் மலேசியாவுக்கு நூற்றுக்கு 60 பங்கு, சிங்கப்பூருக்கு 40 பங்கு. மக்கள் இன்று உலாவும் பாதை இனாமாக வந்ததன்று என்பதற்காகவே இந்தக் கணக்கை இங்கே எழுதுகிறோம். நகரின் விலைமிக்க இடங்களைக் கொடுத்தே அது வாங்கப்பட்டது.

2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு, ஜொகூர் சுல்தான் தாமே இயந்திரத்தை ஓட்ட, கடைசி வண்டி தஞ்சோங் பகாரை விட்டுப் புறப்பட்டது. அன்றுவரை புக்கிட் தீமா நிலையத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாதபடி, பெரிய வளையத்தில் மாட்டிய டோக்கனை ஓடும் வண்டியிலிருந்து ஓட்டுநர் நீட்ட, நிலைய ஊழியர் பிடித்துக்கொள்வார். மீட்டர் கேஜ் பாதைகளில் பயணம் செய்து பழகிய நம் பெரியோர்களுக்கு இக்காட்சி புதிதன்று. வானளாவிய மாளிகைகள் நிறைந்த சிங்கப்பூரில் 2011 வரை அது நீடித்தது என்பதே வியப்பு.

இனி நிலத்தை என்ன செய்வது? ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளம்; தீவை வடக்கிலிருந்து தெற்குவரை ஊடறுத்துச் செல்லும் நாடா போன்ற நிலம். நாட்டின் மொத்தப் பரப்போ எழுநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான். வீட்டுக்கும் தொழிலுக்கும் சாலைக்கும் இடம் போதாமல் கடலைத் தூர்த்து நிலம் ஆக்கும் ஊர் அது. கூறுபோட்டு விற்றிருந்தாலும் எவரும் வியந்திருக்கமாட்டார்.

ஆனால் நிலம் கைக்கு வருவதற்கு முன்பே அதைக் கேட்டுச் சிலர் நின்றனர். 2010 அக்டோபரில், அதாவது கடைசி வண்டி ஓடுவதற்கு எட்டுத் திங்கள் முன்னதாகவே, சிங்கப்பூர் இயற்கைக் கழகத்தார் ஒரு திட்டத்தை வெளியிட்டனர். நிலத்தைத் துண்டாக்காமல் முழுமையாக ஒரு பசுமை வழியாக விட்டுவைக்க வேண்டும் என்பது அவர்களது வேண்டுகோள். வண்டிகள் ஓடிய அத்தனை ஆண்டுகளும் தண்டவாளத்தின் இருபுறமும் கட்டடம் எழவில்லை. புல்லும் மரமும் தாமாகவே வளர்ந்திருந்தன. புக்கிட் தீமா காட்டை ஒட்டிச் செல்லும் அப்பாதை, பறவைகளும் சிறு விலங்குகளும் ஒரு தோப்பிலிருந்து மறு தோப்புக்குச் செல்லும் வழியாகவும் இருந்தது. நடுவே ஓரிடத்தில் அறுத்தாலும் அந்த வழி அற்றுப்போகும்.

அவர்கள் கேட்ட காலத்தையே நாம் பெரிதும் பாராட்டுகிறோம். வரைபடம் முடிந்து ஏலம் அறிவித்தபின் எழும் குரல் முறையீடாகிவிடும்; முன்னதாக எழுந்தால் அது யோசனையாகக் கொள்ளப்படும். அரசும் செவி சாய்த்தது. 2011 ஜூலை முதல் நாளிலிருந்து 17-ஆம் நாள் வரை பாதை முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குழந்தைகளைத் தோளில் சுமந்தவரும் முதியோரும் திரள்திரளாக வந்து தண்டவாளத்தின் மீது நடந்தனர். கண்ணால் கண்டு காலால் நடந்த நிலத்தின்மீது மக்களுக்குப் பற்று உண்டாகாமற் போகுமா? இரும்புத் தண்டவாளங்கள் மட்டும் மலேசிய இரயில்வேக்கு உரியவையாதலின், அவை பெயர்க்கப்பட்டுத் திருப்பி அளிக்கப்பட்டன. புக்கிட் தீமாப் பகுதியின் இரு பெரும் இரும்புப் பாலங்கள் காக்கப்பட்டன. 1932-இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் தேசியச் சின்னமாயிற்று. அதன் முகப்பில் வேளாண்மை, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன.

2015-இல் வடிவமைப்புப் போட்டி ஒன்றின் வாயிலாகத் திட்டம் தெரிவு செய்யப்பட்டது. நடுப்பகுதியின் நான்கு கிலோமீட்டர் 2021 மார்ச்சில் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. பத்தாண்டுகள்! விரைவுக்குப் பெயர்பெற்ற ஊருக்கு இது நீண்ட காலமே. எனினும் பொறுமை இங்கே நன்மையே செய்தது என்பது நம் எண்ணம். அவசரமாகச் சிமெண்டு பூசியிருந்தால் அங்கே எஞ்சியிருப்பது மற்றொரு சாலையாகவே இருந்திருக்கும்.

குறையும் உண்டு, அதை மறைத்து எழுதுதல் முறையன்று. பாதையைக் காப்பதாக இசைந்த அரசு, பாதையை ஒட்டிய நிலம் அனைத்தையும் காப்பதாகச் சொல்லவில்லை. வடக்கே கிராஞ்சியில் பாதையோரக் காட்டின் ஒரு பகுதி, சுற்றுச்சூழல் ஆய்வு முடிவதற்கு முன்பே வெட்டி அழிக்கப்பட்டது 2021 பிப்ரவரியில் வெளிப்பட்டது. தவறுதலாக நடந்ததென்று பொறுப்பான அரசு அமைப்பே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நேர்மையே, மரங்கள் திரும்பவில்லை. இரு மருங்கிலும் மதில்களும் மாடங்களும் நெருங்கி எழுந்தால், பெயரளவில் பாதை இருக்கும், பறவை இராது. அங்குள்ள மக்கள் இன்னும் விழித்திருக்க வேண்டிய இடம் இதுவே.

சிங்கப்பூரில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் வாசகர்களிடையே பல. அங்குச் செல்வோர் கடைவீதிகளோடு திரும்பிவிடாமல், ஒரு காலைப்பொழுதைப் புக்கிட் தீமா நிலையத்துக்கு ஒதுக்கலாம். 2022 ஜூலையில் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. செங்கல்லால் ஆன சிறிய நிலையம்; இரயில்வே ஊழியர் குடியிருந்த வீட்டில் காப்பிக் கடை வந்துவிட்டது. அருகிலேயே சாலைக்கு மேலே கறுத்த இரும்புப் பாலம் நிற்கிறது. கட்டணம் ஏதுமில்லை.